ஊர்க் காவலும் சட்டத்தின் காவலும்

(களவைத் தடுக்கும் வழிபற்றி ஆராய்வதற்காக வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய முன்றலிற் கூடிய பொதுக்கூட்டத்தில், அவ்வூரவரான மூத்த சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை.)



எனக்கு முன் பேசியவர்கள் மூவர். முதலிற் பேசிய கமக்காரர், "பொலிசாரை நம்பி இனிப் பயனில்லை, கள்வனைக் கண்டால் கையைக் காலை முறித்துவிட வேண்டியதுதான்" என்றார். அடுத்துப் பேசிய பொறியியலாளர், "சந்திக்குச் சந்தி கண்காணிப்புக் கமெரா பூட்டுவோம், போதாவிட்டால் விசேட படையினரை அழைப்போம்" என்றார். மூன்றாவதாகப் பேசிய இளைஞர், "இரவிற் காவல் செய்பவர்கள் நாங்கள், எங்களை நடத்துவதற்கு யாரும் வரவேண்டாம்" என்றார். மூவர் சொல்லிலும் உண்மையுண்டு. ஆயினும் மூவர் சொல்லும் தனித்தனியே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் நல்ல இடமன்று என்பதை விளக்கவே நான் எழுந்தேன்.

முதலில் கமக்காரரின் துயரத்தை எடுத்துக்கொள்வோம். என்போன்ற உத்தியோகத்தர் வீட்டுக்கு மதிலுண்டு, இரும்புப் படலையுண்டு, உள்ளே பூட்டிக்கொண்டு உறங்குகின்றோம். கமக்காரனின் செல்வமோ வெட்டவெளியிற் கிடக்கின்றது. வெங்காயம் திடலிற் கிடக்கின்றது; வாழைக்குலை மரத்திலே தொங்குகின்றது; நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றடியில் நிற்கின்றது. இயந்திரம் ஒன்று ஓரிரவிற் போய்விட்டால், போவது இயந்திரத்தின் விலைமட்டுமன்று. இறைப்பு நின்று, பயிர் வாடி, அந்தப் போகமே போய்விடுகின்றது. கடன்பட்டு நட்டவன் கடனோடு நிற்கின்றான். இதனை உணராதவர் அவனுக்குப் பொறுமை போதிக்க அருகதையற்றவர்.

அவன் முறைப்பாடு செய்யப் போனால் நிகழ்வது யாது? என்னிடம் வந்த ஒருவரின் அனுபவத்தைச் சொல்கின்றேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். இயந்திரம் களவுபோன மறுநாட் காலை அவர் பொலிஸ் நிலையம் சென்றார். தமிழ் தெரிந்தவர் இல்லை, பின்னேரம் வா என்றனர். பின்னேரம் சென்றார், நாளை வா என்றனர். மூன்றாம் முறை சென்றபோது சிங்களத்தில் எழுதி, ஒப்பமிடு என்று நீட்டினர். ஒப்பமிட்டார். சில மாதங்களின் பின் அதன் பிரதியை எடுத்து, மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துப் பார்த்தபோது, இயந்திரம் "களவாடப்பட்டது" என்று அதில் இல்லை. "காணாமற் போயிற்று" என்றே இருந்தது. களவில்லையேல் கள்வனில்லை, கள்வனில்லையேல் விசாரணையுமில்லை! பொலிசார்மீது மக்களுக்கு நம்பிக்கையில்லை என்று மேடையிலே குறைகூறுவோர், அந்நம்பிக்கை எவ்விடத்தில் இழக்கப்படுகின்றது என்பதை இவ்வொரு தாளிலேயே காணலாம்.

ஆனால், சகோதரர்களே, சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதவேண்டும்; எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். அம்மொழியில் எழுத இயலாதாயின், முறைப்பாட்டாளரே தம் மொழியில் எழுதிக்கொடுக்கும்படி கேட்கவேண்டும். 1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் நம் மொழியைக் கந்தோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தமும், 1988இல் வந்த பதினாறாம் திருத்தமும் தமிழை அரசகரும மொழியாகவும், வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழியாகவும் ஏட்டில் ஏற்றின. ஏட்டில் ஏறியது மேசைக்கு இறங்கவில்லை. அதனை மேசைக்கு இறக்குவது யார் கடமை? விளங்காத தாளில் ஒப்பமிட மறுக்கும் ஒவ்வொரு குடியானவனின் கடமை. அவன் தனியே நின்று மறுக்க அஞ்சுவானாயின், அவனோடு கூடப்போய் நிற்கும் படித்தவனின் கடமை. நாம் மொழியுரிமை பேசிய மேடைகள் எத்தனை! ஒரு கமக்காரனோடு பொலிஸ் நிலையத்துக்குப் போன நாட்கள் எத்தனை?

இனி, இன்று எல்லோர் உள்ளத்திலும் இருந்தும் எவரும் வாய்திறந்து சொல்லாத விடயத்துக்கு வருகின்றேன்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன், இரவு பதினொரு மணியளவில், நமது காவற்குழுவினர் தோட்டத்து ஒழுங்கையால் வந்த ஓர் இளைஞனைப் பிடித்து, கோயிலடிப் புளியமரத்திற் கட்டினர். பக்கத்தூர்ப் பையன். பெயரைக் கேட்டனர், சொன்னான். இந்நேரத்தில் ஏன் வந்தாய் என்றனர். ஐஸ் தொழிற்சாலையில் வேலைமுடித்து வருகின்றேன், இது குறுக்குவழி என்றான். நம்பவில்லை. அடித்தனர். சிலர் கைத்தொலைபேசியிற் படமும் பிடித்தனர். இரண்டு மணி நேரத்தின்பின் தொழிற்சாலைக்காரர் வந்து அவன் சொன்னது உண்மையென்றார். அதற்குள் அவனுடைய இடக்கை முறிந்துவிட்டது. அவனை அடித்த பின்னரும், இரண்டாம் நாள் இரவு வடக்குக் குறிச்சியில் இன்னுமோர் இயந்திரம் களவுபோயிற்று.

நானும் அவ்விடத்தில் நின்றேன். "தம்பிமாரே, அடிக்காதீர்கள்" என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. ஊர் கோபமாயிருக்கும்போது அதன் முன் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்திற் பிறர் கோழைத்தனத்தைக் குறுக்குவிசாரணை செய்தவன், அன்று என் கோழைத்தனத்தைக் கண்டேன். ஆகவே இன்று இங்கே குற்றஞ்சாட்டுபவனாக நான் நிற்கவில்லை, பங்காளியாகவே நிற்கின்றேன்.

இப்போது அப்பையனின் தாய் முறைப்பாடு செய்துவிட்டார். நம் பிள்ளைகள் மூவர்மீது வழக்கு வரக்கூடும். அவர்களுடைய தாய்மார் இங்கே இருக்கின்றனர். "அவன் ஓடும்போது விழுந்து கை முறிந்ததென்று ஊரெல்லாம் ஒரே வாயாகச் சொன்னால் என்ன?" என்று சிலர் கேட்டனர். என்னிடமே கேட்டனர். அதற்கான விடையைத் தனியே சொல்லாமற் சபையிற் சொல்கின்றேன்: அதனை நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது.

ஏன் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தனர். முதலில் அது வீதி விபத்தென்றே சொல்லப்பட்டது. பொலிசாரின் துப்பாக்கிச் சூடு என்பது பின்னரே வெளிப்பட்டது. அன்று நாம் கொதித்தெழுந்தோமே, எதற்காக? உயிர் போனதற்காக மட்டுமன்று. உண்மையை விபத்தென்று மூட முயன்றதற்காகவும் அன்றோ? சீருடை அணிந்தவர் சொல்லும் பொய் பொய்யென்றால், புளியமரத்தடியில் நின்றவர் சொல்லும் பொய்யும் பொய்யே.

இன்னுமொன்று. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நாம் ஏன் எதிர்த்து வந்தோம்? 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை. அடித்தால் எவனும் எதையும் ஒப்புவான் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். 1979ஆம் ஆண்டுச் சட்டமோ அக்காவலைத் தகர்த்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலைச் செல்லுபடியாக்கிற்று. அதனால் எத்தனை இளைஞரின் வாழ்வு சிறையிற் கழிந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அடித்துப் பெறும் ஒப்புதலை எதிர்த்து உலகெங்கும் முறையிட்ட இனம், தன் கோயிலடியிலேயே ஒருவனைக் கட்டிவைத்து, "ஒப்புக்கொள், ஒப்புக்கொள்" என்று அடிப்பதா? நாம் கேட்கும் நீதி நமக்கு மட்டும் உரிய நீதியாயின், அதற்கு நீதி என்று பெயரில்லை.

முதியவர்களுக்கு வேறொரு நினைவும் இருக்கும். 1980களில் நம் குடாநாட்டு வீதிகளில், கள்வன் என்றும் சமூகவிரோதி என்றும் சொல்லப்பட்டவர்கள் மின்கம்பங்களிற் கட்டிச் சுடப்பட்டனர். உடலருகே குற்றத்தை எழுதிய அட்டை தொங்கும். பார்த்துக் கடந்து போனோம். களவு குறைந்ததென்று சொன்னவர்களும் இருந்தனர். ஆனால் அவர்களுள் எத்தனைபேர் கள்வர், எத்தனைபேர் வறியோர், எத்தனைபேர் யாரோ ஒருவருடைய பகையினால் காட்டிக்கொடுக்கப்பட்டோர்? விசாரணை நிகழாத இடத்தில் இக்கேள்விக்கு என்றைக்கும் விடையில்லை. அந்த மின்கம்பத்திலிருந்து நமது புளியமரம் வெகுதூரத்தில் இல்லை.

சந்தேகம் யார்மீது விழுகின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊரிற் களவு நடந்தால், கண் எப்போதும் ஊரின் விளிம்பிற் குடியிருப்போரின் படலையையே நோக்குகின்றது. நாட்கூலிக்காரன், இடம்பெயர்ந்து வந்து குடியேறியவன், "இன்ன சாதியான்" என்று நாம் இன்னும் மனத்துள் எண்ணுபவன் ஆகியோர்மீதே முதற்கை விழுகின்றது. மதில்வீட்டுப் பிள்ளை போதைப்பொருளுக்கு அடிமையாகித் தன் தாயின் நகையையே எடுத்து விற்றால், அதற்கு நாம் "வருத்தம்" என்று பெயர் சூட்டுகின்றோம். குடிசைப் பிள்ளை செய்தால் "களவு" என்கின்றோம். இப்பாகுபாட்டோடு எந்தக் காவற்குழு அமைந்தாலும் அது ஊரைக் காக்காது, ஊரை இரண்டாக்கும்.

பழைய காலத்தில் விதானையார் இருந்தார், கிராமக்கோடு இருந்தது, ஊர் ஒழுங்காயிருந்தது என்று நம் பெரியவர் ஒருவர் சொன்னார். விதானைமுறை 1963இல் ஒழிந்து கிராமசேவகர் முறை வந்தது. விதானையாரிடம் ஒரு நன்மை இருந்தது: அவருக்கு ஊரும் மொழியும் தெரியும். ஆனால் அவர் பெரிய வீட்டு நாற்சாரத்திலிருந்தே நீதி வழங்கினார் என்பதையும் மறக்கலாகாது. நமக்கு வேண்டியது, ஊரையும் மொழியையும் அறிந்த, அதேவேளை ஊரின் பெரியவர்களுக்கு அஞ்சாத காவல். அதற்காகவே மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வேண்டுமென்கின்றோம். 1987இல் அது அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 2013இலிருந்து 2018வரை வடக்கிலே தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இருந்தபோதும் அது கையளிக்கப்படவில்லை. அக்கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. ஆனால், அது வரும்வரை காத்திருக்குமாறு கள்வனிடம் சொல்ல முடியாது. அதிகாரம் கேட்கும் ஒரு சமூகம், அதனை எவ்வாறு ஆளும் என்பதை இன்று தன் ஒழுங்கையிலேயே காட்டுகின்றது. புளியமரத்தடியில் நாம் காட்டியது நற்சாட்சியன்று.

விசேட படையினரை அழைப்போம் என்றவருக்கும் ஒருசொல். 2011ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தை நினைவுகூருங்கள். கிறீஸ் பூதம் என்ற பீதி ஊரூராய்ப் பரவியபோது, நாவாந்துறை மக்கள் தம்மைக் காக்க வெளியே வந்தனர். அவர்களிற் பலர் நள்ளிரவிற் படையினராற் பிடிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். படை என்பது எதிரியை நோக்கப் பயிற்றப்பட்டது. வெங்காயக் கள்வனைத் தேடப் பயிற்றப்பட்டதன்று. அழைப்பது எளிது, போகச் சொல்வது எளிதன்று.

அப்படியாயின் செய்யக்கூடியது யாது? என் தீர்மானத்தை ஒவ்வொன்றாகச் சொல்கின்றேன்.

முதலாவது, காவற்குழு இருக்கட்டும். இளைஞர் தூக்கத்தை விட்டு ஊருக்காக விழித்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அது சட்டத்துக்குள் நிற்கட்டும். நான் சொன்ன அதே சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சாதாரண குடிமகனுக்கும் கைதுசெய்யும் உரிமை தருகின்றது. தன் கண்முன்னே பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் புரிபவனைப் பிடிக்கலாம். அத்தகைய குற்றம் புரிந்தவனென்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்கவனாய் ஓடுபவனையும் பிடிக்கலாம். பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒழுங்கையால் நடந்துவருவது குற்றமன்று. கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இடந்தரவில்லை. காவல்செய்வோரின் பெயர்ப்பட்டியல் இந்நிலையச் சுவரில் ஒட்டப்படட்டும், முகம் மூடலாகாது, மின்சூளும் ஊதுகுழலும் போதும், பொல்லும் கத்தியும் வேண்டாம், ஐயமேற்பட்டால் 119க்கு அழைத்து, அழைத்த நேரத்தைக் கொப்பியில் எழுதட்டும். எல்லாக் குறிச்சியிலிருந்தும், விளிம்பிலுள்ள குறிச்சியிலிருந்தும், ஆட்கள் சேரட்டும்.

இரண்டாவது, பொருளுக்கு அடையாளமிடுவோம். நம் முன்னோர் மாட்டுக்குக் குறிசுட்டனர். நாம் இயந்திரத்துக்குக் குறிவெட்டுவோம். தொடரிலக்கத்தையும் குறியையும் எழுதி ஒரு பதிவேடு இங்கே வைப்போம். இயந்திரத்தை உடைத்து இரும்பாக வாங்குபவன் இல்லாவிட்டால் அதனைத் திருடுபவனும் இல்லை. களவுப்பொருளென்று அறிந்து வாங்குவதும் நம் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமே. மலிவாய்க் கிடைக்கின்றதென்று வாங்கும் நம் கமக்காரரும் இதனைச் செவிகொள்க.

மூன்றாவது, எவரும் தனியே முறைப்பாடு செய்யப் போகவேண்டாம். எழுத்தறிந்த ஒருவர் கூடப்போகட்டும். தமிழிலே எழுதப்படட்டும், அல்லது நாமே தமிழில் எழுதிக்கொடுப்போம். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொண்டே திரும்புவோம். ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கந்தோருக்கும் எழுதுவோம். இப்பணிக்கு வாரம் ஒருநாள் நான் வருகின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் மற்றைய நாட்களைப் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

நான்காவது, சாட்சி. கள்வன் பிடிபட்டும் வழக்குத் தோற்பதற்கு ஒரு பெருங்காரணம், கண்டவர் நீதிமன்றுக்கு வராமையே. விடுமுறை போய்விடும் என்று உத்தியோகத்தரும், பகை வரும் என்று மற்றையோரும் ஒதுங்குகின்றோம். சாட்சியைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 2023இல் இன்னொரு சட்டமும் வந்தன. சட்டம் எதுவாயினும் தனிச்சாட்சி அஞ்சத்தான் செய்வான். பத்துப்பேர் கூடச் சென்றால் அவன் அஞ்சான்.

ஐந்தாவது, மாதம் ஒருமுறை பொறுப்பதிகாரியை இம்முன்றலுக்கு அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் கணக்குக் கேட்போம்: சென்ற மாதம் எத்தனை முறைப்பாடு, எத்தனை விசாரணை, எத்தனை வழக்கு? ஆனால் சந்திப்பு வெளிப்படையாகவே நிகழவேண்டும். முகமூடி அணிந்து தலையாட்டியவர்களின் காலத்தை நாம் கண்டவர்கள். களவைப்பற்றிச் சொல்வது குடிமகனின் கடமை. அயலவன் எந்தக் கட்சி, எந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று சொல்வது இக்குழுவின் வேலையன்று. அவ்வாறு கேட்கப்பட்டால் குழு அன்றே கலையட்டும்.

ஆறாவதும் இறுதியுமானது, அப்பையன். நாளைக் காலை நாம் அவன் வீட்டுக்குப் போவோம். நான் போகின்றேன், தலைவர் வருகின்றார், பிள்ளைகள் மூவரும் வரவேண்டும். மருத்துவச் செலவையும், கை குணமாகும்வரை அவனிழக்கும் கூலியையும் ஊர் கொடுக்கட்டும். முறைப்பாட்டை மீளப்பெறு என்று ஒருசொல்லும் கேட்கலாகாது. மன்னித்தால் அது அவர்கள் பெருமை. வழக்கு நடந்தால் நம் பிள்ளைகள் உண்மையைச் சொல்லட்டும். நான் கூலியின்றி அவர்களுக்காகத் தோன்றி, அவர்கள் இளமையையும், ஊரின் அச்சத்தையும், எங்களைப்போன்ற பெரியவர்கள் வாய்மூடி நின்றதையும் நீதவானிடம் எடுத்துச் சொல்வேன். பொய்யை மட்டும் சொல்லமாட்டேன்.

தாய்மார்களே! உங்கள் மனம் நோகும் என்பதை அறிவேன். ஆனால் அவனுக்கும் ஒரு தாய் உண்டு. அவர், பொலிசாரை நம்பியோ நம்பாமலோ, முறைப்பாடு எழுதுவிக்கத் தனியே சென்றார். நம் ஊரவர் எவரும் அவரோடு போகவில்லை. நம் கமக்காரனுக்கு நாம் கேட்கும் நீதியும், அந்தத் தாய் நம்மிடம் கேட்கும் நீதியும் ஒன்றே.

இத்தீர்மானத்தை உங்கள் முன் வைக்கின்றேன். கைதூக்கிச் சொல்லுங்கள், எதிர்ப்போரும் எழுந்து காரணம் சொல்லுங்கள். எதுவாயினும் இவ்விளக்கொளியில் எல்லோரும் காணத் தீர்மானிப்போம்.